குள்ள கேலக்ஸிகளில் கரும்பொருள் தேடல்: ஃபெர்மி தரவைக் கையாளும் வழி

கரும்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள். அதன் துகள்கள் இரண்டு மோதி அழிந்தால் அந்த இடத்திலிருந்து காமாக் கதிர் கிளம்ப வேண்டும். அப்படி ஏதாவது வானத்தில் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் மறைமுகத் தேடல். சுரங்கத்தின் அடியில் செனான் தொட்டி வைத்துக் காத்திருக்கும் நேரடித் தேடலுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். மறைமுகத் தேடலுக்கோ லினக்ஸ் போட்ட கணினி ஒன்றும், 16 ஜிபி நினைவகமும், ஓரிரு வாரப் பொறுமையும் போதும். ஃபெர்மி செயற்கைக்கோளில் உள்ள, காமாக் கதிரைப் பிடிக்கும் லாட் கருவி 2008 ஆகஸ்ட் 4 முதல் சேர்த்துவரும் தரவை நாசா எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது.

எங்கே பார்ப்பது? கரும்பொருள் மிக அடர்ந்திருப்பது பால்வீதியின் மையத்தில். அங்கே 1 முதல் 3 ஜிஇவி (ஒரு ஜிஇவி நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலில் எதிர்பார்ப்பை மீறிய ஒளி இருப்பது 2009 முதல் தெரியும். ஆனால் மில்லிநொடி பல்சார்களின் (மிக வேகமாகச் சுழலும் செத்த விண்மீன்கள்) நிறமாலையும் ஏறத்தாழ அதே வடிவில்தான் இருக்கும், அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பால்வீதியைச் சுற்றும் குள்ள கேலக்ஸிகள் பாதுகாப்பான இடம். அவற்றில் வாயு கிட்டத்தட்ட இல்லை, புதிய விண்மீன்கள் பிறப்பதில்லை. தாமாகக் காமாக் கதிர் வீச அவற்றுக்குக் காரணமே கிடையாது. அங்கிருந்து ஒளி வந்தால் அது பேசத் தகுந்த செய்தி.

முதலில் ஒரு கைக்கணக்கு

தரவை இறக்கும் முன் எத்தனை ஃபோட்டான் எதிர்பார்க்கலாம் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வரவேண்டிய பாயம் (ஒரு சதுர செ.மீ.யில் விநாடிக்கு விழும் ஃபோட்டான்கள்) இரண்டு பகுதிகளின் பெருக்கல். முதலாவது துகள் பகுதி: அழிவு வீதத்தை (இதை சிக்மா-வி என்பார்கள்) 8 பை பெருக்கல் நிறையின் வர்க்கத்தால் வகுத்து, ஓர் அழிவுக்கு வரும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இரண்டாவது வானியல் பகுதி: பார்வைக் கோட்டில் கரும்பொருள் அடர்த்தியின் வர்க்கத்தைக் கூட்டிய தொகை. இதன் பெயர் ஜே காரணி.

டிராகோவை எடுத்துக்கொள்வோம். தொலைவு 76 கிலோபார்செக், அதாவது சுமார் இரண்டரை லட்சம் ஒளியாண்டு. ஜே காரணி ஏறத்தாழ 10^18.8, அலகு ஜிஇவி வர்க்கம் / செ.மீ.^5. துகள் நிறை 25 ஜிஇவி, அழிந்தால் பாட்டம் குவார்க் ஜோடி வருகிறது, சிக்மா-வி பிரபஞ்சத்தின் ஆரம்ப வெப்பச் சமநிலை தரும் 2.2 × 10^-26 கன செ.மீ./விநாடி. 500 எம்இவிக்கு (0.5 ஜிஇவி) மேல் ஓர் அழிவுக்கு ஆறு ஃபோட்டான் என்று தோராயமாக வைத்தால், பாயம் சதுர செ.மீ.க்கு விநாடிக்கு 5 × 10^-11. பதினான்கு ஆண்டுகளில் சேர்ந்த எக்ஸ்போஷர் (கருவியின் பரப்பு பெருக்கல் பார்த்த நேரம்) சுமார் 5 × 10^11 சதுர செ.மீ. விநாடி. பெருக்கினால் மொத்தம் 25 ஃபோட்டான் தேறும். அதே இடத்தில் ஒரு டிகிரி ஆரத்துக்குள் விழும் பின்னணி ஃபோட்டான்களோ ஆயிரத்துக்கு மேல். அவற்றின் இயல்பான ஏற்ற இறக்கமே 35, 40 இருக்கும். கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஒரே கேலக்ஸியில் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதும், பலவற்றைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பதும், பின்னணியைச் சரியாக வரைவதே முக்கால்வாசி வேலை என்பதும் இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இலக்குகளைப் பொறுக்குவது

பால்வீதித் தளத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகியவற்றை எடுங்கள். தளத்தை நெருங்க நெருங்க வாயுவிலிருந்து வரும் பரவலான ஒளி கூடும். டிராகோ, அர்சா மைனர், ஸ்கல்ப்டர் ஆகியவை பழைய, நம்பகமான பெயர்கள். நூற்றுக்கணக்கான விண்மீன்களின் வேகம் அளக்கப்பட்டிருப்பதால் இவற்றின் ஜே காரணியில் பிழை குறைவு. டிராகோவுக்கு மடக்கை அளவில் 0.1தான். செகு 1, ரெட்டிகுலம் 2 போன்ற மிக மங்கலானவை அருகில் இருப்பதால் ஜே காரணி பெரிதாகத் தெரியும். செகு 1 வெறும் 23 கிலோபார்செக். ஆனால் அளக்க அங்கே விண்மீனே சில டஜன்தான்.

பலரும் சறுக்கும் இடம் இது. ஜே காரணி விண்மீன் வேகச் சிதறலின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறும். சிதறலை 30 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால் ஜே கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். டிரையாங்குலம் 2 இதற்குக் கண்ணெதிரே உள்ள உதாரணம். 2015இல் ஆறு விண்மீன்களை வைத்து விநாடிக்கு 5.1 கி.மீ. என்று சிதறல் கிடைத்தது. அதை வைத்துப் பெரிய ஜே காரணி கணக்கிட்டுப் பலர் உற்சாகமானார்கள். 2017இல் அந்த ஆறில் ஒன்று இரட்டை விண்மீன் என்று தெரிந்தது. தன் துணையைச் சுற்றும் வேகமே சிதறல் போலக் காட்டியிருக்கிறது. மிஞ்சியது ஒரு மேல் வரம்பு மட்டும். ஆகவே ஒரே இரவில் அளந்த வேகங்களை வைத்துக் கணக்கிட்ட ஜே காரணியை நம்பாதீர்கள்; ஓராண்டு இடைவெளியில் திரும்ப அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். செகு 1 விஷயத்தில், உறுப்பினர் என்று எண்ணிய சில விண்மீன்கள் முன்னால் நிற்கும் பால்வீதி விண்மீன்களாக இருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. அதைச் சேர்த்து ஒரு முடிவும், விட்டுவிட்டு ஒரு முடிவும் கொடுப்பதே நேர்மை.

ஜே காரணியை வேறொருவர் அட்டவணையிலிருந்து எடுக்கும்போது மூன்றைச் சரிபாருங்கள். எந்தக் கோணத்துக்குள் கூட்டியது (பெரும்பாலும் 0.5 டிகிரி)? 4 பையால் ஏற்கெனவே வகுத்துவிட்டார்களா? அலகு என்ன? சூரிய நிறை வர்க்கம் / கிலோபார்செக்^5 என்றிருந்தால் 4.45 × 10^6ஆல் பெருக்கினால் ஜிஇவி அலகு வரும். இந்த மூன்றில் ஒன்றைக் கோட்டை விட்டாலும் கடைசியில் வரும் வரம்பு (சிக்மா-வி இதற்கு மேல் இருக்க முடியாது என்ற எண்) பத்து மடங்கு, லட்சம் மடங்கு என்று தவறும், நிரல் ஒரு எச்சரிக்கைகூடத் தராது.

மென்பொருளும் தரவும்

ஃபெர்மிடூல்ஸ், அதன் மேல் பைத்தானில் எழுதிய ஃபெர்மிபை, இரண்டையும் கோண்டா என்ற தொகுப்பு நிறுவி வழியாகத் தனிச் சூழலில் நிறுவுங்கள். ஏற்கெனவே இருக்கும் பைத்தானோடு கலக்க வேண்டாம். விண்டோஸ்காரர்கள் உள்ளே லினக்ஸ் துணையமைப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

தரவுத் தளத்தில் கேலக்ஸியின் ஆயங்களைக் கொடுங்கள். டிராகோவுக்கு வலஏற்றம் 260.05, நடுவரை விலக்கம் 57.92. ஆரம் 12 டிகிரி, ஆற்றல் 500 எம்இவி முதல் 500 ஜிஇவி, தொடக்க நேரம் 239557417 (2001 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடி). பெயரில் பிஎச் உள்ள ஃபோட்டான் கோப்புகள் பலவும் எஸ்சி உள்ள விண்கலக் கோப்பு ஒன்றும் வரும். விண்கலக் கோப்பைப் பழைய வேலையிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். ஃபோட்டான்கள் முடியும் நாளுக்கு முன்பே அது முடிந்துவிட்டால் எக்ஸ்போஷர் குறைவாகக் கணக்காகி, பாயம் பொய்யாக உயரும்.

500 எம்இவியில் ஏன் தொடங்க வேண்டும்? 100 எம்இவியில் லாட் ஒரு ஃபோட்டான் வந்த திசையை 5 டிகிரி பிழையோடுதான் சொல்லும். 1 ஜிஇவியில் அது 0.8 டிகிரி, 10 ஜிஇவிக்கு மேல் 0.1 டிகிரி அளவுக்குக் கூர்மையாகும். கீழ்ஆற்றலில் பக்கத்து பிளேசார்களின் (நம்மை நோக்கிக் கதிர் பாய்ச்சும் தொலைதூரக் கேலக்ஸி மையங்கள்) ஒளி எல்லாம் நம் கேலக்ஸி மேல் வழியும். 10 ஜிஇவிக்குக் குறைந்த நிறையைத் தேடுகிறவருக்குத்தான் அந்தத் தொல்லை தேவை.

வடிகட்டுதல்

தேர்வில் நிகழ்வு வகுப்பு 128 (சோர்ஸ்), நிகழ்வு வகை 3 (கருவியின் முன், பின் பகுதிகளில் பதிந்தவை இரண்டும்), உச்சிக்கோணம் 100 டிகிரிக்குள். பூமியின் விளிம்பு செயற்கைக்கோளின் உச்சியிலிருந்து சுமார் 113 டிகிரியில் இருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் அது காமாக் கதிரில் பளிச்சென்று எரியும். 100 எம்இவி வரை இறங்குபவர்கள் 90 டிகிரியில் வெட்ட வேண்டும். அடுத்து நேர வடிகட்டல்: தரவுத் தரம் பூஜ்ஜியத்துக்கு மேல், லாட் அமைப்பு 1.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, உச்சிக்கோண வெட்டை ஜிடிசெலக்ட் கருவியில் கொடுத்துவிட்டு, நேரக் கனசதுரம் (ஒவ்வொரு திசையையும் கருவி எவ்வளவு நேரம் பார்த்தது என்ற கணக்கு) செய்யும் ஜிடிஎல்டிகியூப்பில் கொடுக்க மறப்பது. ஃபோட்டான்கள் வெட்டப்பட்டிருக்கும், எக்ஸ்போஷர் வெட்டப்படாமல் இருக்கும். இரண்டிலும் ஒரே எண் வேண்டும். ஃபெர்மிபை இதைத் தானே பார்த்துக்கொள்ளும். கையால் ஓட்டுபவர்கள்தான் மாட்டுவார்கள்.

வரைபடம் 10 × 10 டிகிரி சதுரம், பிக்சல் 0.1 டிகிரி, ஒரு பதின்மத்துக்கு 8 ஆற்றல் பெட்டி, மொத்தம் 24. சதுரத்தின் மூலை மையத்திலிருந்து 7.1 டிகிரி தள்ளி இருக்கும், அதனால் இறக்கிய வட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மூலைகளில் ஃபோட்டான் இல்லாத கறுப்பு முக்கோணங்கள் விழும், மாதிரியைத் தரவோடு இணக்கும் பொருத்தல் அவற்றைப் பார்த்து பின்னணியையே கீழே இழுத்துவிடும். நேரக் கனசதுரம் மெதுவாக நகரும். இரவில் ஓடவிடுங்கள். ஆண்டு வாரியாகப் பிரித்துச் செய்து பிறகு கூட்டினால், மின்சாரம் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பின்னணியை வரைவது

மாதிரியில் மூன்று சரக்கு: பால்வீதியின் பரவல் ஒளி (ஏழாம் பதிப்பு வரைபடம்), எல்லாத் திசையிலும் சீராக வரும் ஒளி, ஃபெர்மி குழுவின் 4எஃப்ஜிஎல் பட்டியலில் உள்ள காமாக் கதிர் மூலங்கள். சீரான ஒளிக்கான கோப்பு நீங்கள் எடுத்த நிகழ்வு வகுப்புக்கும் கருவித் துலக்கப் (கருவி ஃபோட்டானை எப்படிப் பதிவு செய்கிறது என்ற விவரம்) பதிப்புக்கும் உரியதுதானா என்று பெயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சோர்ஸ் வகுப்புக்கு கிளீன் வகுப்பின் கோப்பைப் போட்டால் பொருத்தல் முடியும், ஆனால் அளவுக் காரணி 1இலிருந்து கணிசமாக விலகி நிற்கும். ஆற்றல் சிதறல் திருத்தத்தை (கருவி ஆற்றலைச் சற்றுப் பிசகி அளப்பதைச் சரிசெய்வது) எல்லா மூலங்களுக்கும் போடுங்கள், சீரான ஒளிக்கு மட்டும் வேண்டாம். அந்தக் கோப்பைத் தயாரித்த முறையிலேயே அது அடங்கிவிட்டது. மூலங்களைச் சதுரத்துக்கு வெளியே இன்னும் 5 டிகிரி வரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா மூலங்களையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டால் (மதிப்பு மாற அனுமதித்தால்) பொருத்தல் கவிழும். ஃபெர்மிபையின் ஆப்டிமைஸ் முதலில் ஒரு சுற்று ஓடட்டும். பிறகு மையத்திலிருந்து 5 டிகிரிக்குள், சோதனை மதிப்பு (டிஎஸ்: மூலம் உண்டு என்பது இல்லை என்பதைவிட எவ்வளவு நன்றாகத் தரவோடு பொருந்துகிறது என்ற எண்) 10க்கு மேல் உள்ளவற்றின் அளவை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். இரண்டு பரவல் ஒளிகளின் அளவும், பால்வீதிப் பரவலின் சாய்வும் சேரட்டும். ஒரு ஃபோட்டான்கூட எதிர்பார்க்காத மூலங்களை நீக்கிவிடுங்கள். அவைதான் பிழை அணியைக் கெடுக்கும். பொருத்தல் தரம் 3 என்று வராதவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். 2 வந்தாலே பிழை மதிப்புகள் நம்பத்தக்கவை அல்ல.

இப்போது மிச்ச வரைபடம், அதாவது தரவிலிருந்து மாதிரியைக் கழித்தது. கண்ணால் பாருங்கள், புள்ளிவிவரம் மட்டும் போதாது. பட்டியல் வெளியான பிறகு விழித்த பிளேசார் ஒன்று ஓரத்தில் பளிச்சிடும். டிஎஸ் 25க்கு மேல் இருந்தால் அதைப் புது மூலமாகச் சேர்க்கலாம். ஆனால் தானாக மூலம் தேடும் நிரலை நம் கேலக்ஸிக்குள்ளேயே மேயவிடாதீர்கள். மையத்தில் உண்மையிலேயே ஒளி இருந்தால் அது 'புதுப் புள்ளி மூலம்' என்று பெயர் வாங்கிப் பின்னணியில் சேர்ந்துவிடும். பிறகு உங்கள் வரம்பு அழகாக, இறுக்கமாக, தவறாக வரும். மையத்தைச் சுற்றி ஒரு டிகிரியைத் தேடலிலிருந்து விலக்கி வையுங்கள்.

குறியைத் தேடுவது

ஒவ்வொரு நிறைக்கும் புதிதாக முழுப் பொருத்தல் செய்ய வேண்டாம். பின்னணியை மொத்த ஆற்றல் பரப்பில் பொருத்திய மதிப்பில் நிறுத்தி, 24 பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் கேலக்ஸியின் இடத்தில் சாய்வு 2 உள்ள மூலம் ஒன்றை வைத்து, அதன் பாயத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றிக்கொண்டே லைக்லிஹுட் (மாதிரி தரவோடு பொருந்தும் அளவு) எப்படி மாறுகிறது என்று வளைவாகச் சேமியுங்கள். பெட்டி குறுகலானதால் உள்ளே எந்தச் சாய்வை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த 24 வளைவுகள் கையில் இருந்தால், எந்த நிறை, எந்த அழிவு வழி என்றாலும் அதன் நிறமாலை ஒவ்வொரு பெட்டியிலும் சொல்லும் பாயத்தைப் படித்துக் கூட்டினால் போதும். நாற்பது நிறைகளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நிறமாலைக்கு ஃபெர்மிடூல்ஸில் உள்ள டிஎம்ஃபிட் சார்பு இருக்கிறது. அதில் வழி எண் 3 என்றால் டாவ் ஜோடி, 4 என்றால் பாட்டம் ஜோடி, 7 என்றால் டபிள்யூ ஜோடி. எண் மாறினால் வரம்பின் வடிவமே மாறும்: டாவின் நிறமாலை நிறைக்கு நெருங்கிய ஆற்றலில் குவியும், பாட்டத்தின் நிறமாலை கீழே பரந்து கிடக்கும். 8 பை என்ற காரணி தனக்குத் தானே எதிர்த்துகளான துகளுக்கு. துகளும் எதிர்த்துகளும் வேறுவேறு என்றால் 16 பை.

வளைவு உச்சத்திலிருந்து மடக்கை லைக்லிஹுட் 1.35 (2.71இன் பாதி) இறங்கும் இடம் 95 சதவீத மேல் வரம்பு. ஜே காரணியின் பிழையையும் உள்ளே கொண்டுவர வேண்டும். மடக்கை ஜேயின் விலகலை அதன் பிழையால் வகுத்து, வர்க்கித்து, பாதியாக்கிக் கழியுங்கள். ஒவ்வொரு சிக்மா-விக்கும் ஜேயை நகர்த்தி உச்சத்தை எடுங்கள். 0.1 பிழையுள்ள டிராகோவில் வரம்பு அதிகம் அசையாது, 0.6 பிழையுள்ள மங்கல் கேலக்ஸியில் பல மடங்கு தளரும். தளரத்தான் வேண்டும். பிழையே இல்லாதது போல் எழுதும் வரம்புகளைப் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள்.

பல கேலக்ஸிகளைச் சேர்க்க, ஒரே சிக்மா-வியை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்து, திருத்திய வளைவுகளைக் கூட்டுவதுதான். ஃபோட்டான் வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்; எந்தக் கேலக்ஸி எவ்வளவு நம்பத் தகுந்தது என்ற எடை அதில் தொலைந்துவிடும். 15 குள்ள கேலக்ஸிகளை இப்படிச் சேர்த்து, ஆறு ஆண்டுத் தரவோடு ஃபெர்மி குழு 2015இல் வெளியிட்ட முடிவு, பாட்டம், டாவ் வழிகளில் சுமார் 100 ஜிஇவிக்குக் கீழே வெப்பச் சமநிலை மதிப்பையே விலக்கியது. உங்கள் வரம்பு அதிலிருந்து பத்து மடங்கு விலகினால், பெரும்பாலும் அலகுதான் காரணம்.

வெற்று வானம்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், தவிர்க்கவே கூடாதது இதுதான். கேலக்ஸி எதுவும் இல்லாத, பட்டியல் மூலங்களிலிருந்து ஒரு டிகிரி தள்ளிய, 30 டிகிரிக்கு மேல் உயர்ந்த இடங்கள் சில நூற்றைத் தற்போக்காகப் பொறுக்கி, அதே நிரலை அப்படியே ஓட்டுங்கள். பாடப்புத்தகக் கணக்குப்படி டிஎஸ் 9 என்றால் மூன்று சிக்மா (இயல்பான ஏற்ற இறக்கத்தின் மூன்று மடங்கு). வெற்று வானில் அதே அளவு டிஎஸ் பாடப்புத்தகம் சொல்வதைவிடப் பல தடவை வரும், ஏனென்றால் பட்டியலில் ஏறாத மங்கலான பிளேசார்கள் எங்கும் சிதறிக் கிடக்கின்றன, பால்வீதி வரைபடத்திலும் குறைகள் உண்டு. உங்கள் டிஎஸ்ஸுக்கு உண்மையான மதிப்பு என்ன என்பதை இந்தப் பரவலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுத் தரவில் 25 ஜிஇவி, பாட்டம் வழியில் ஃபெர்மி குழுவுக்கே டிஎஸ் 8.7 வந்தது, வெற்று வானத்தோடு ஒப்பிட்டபோது அது சுருங்கியது, பாஸ் 8 என்ற புதுச் செயலாக்கத்தில் ஏறத்தாழக் கரைந்தே போனது.

எதிர்த் திசைச் சோதனையும் ஒன்று உண்டு. வெற்று இடத்தில் தெரிந்த அளவு போலிக் குறியைச் செலுத்தி நூறு தடவை வரம்பு எடுங்கள். செலுத்திய மதிப்புக்குக் கீழே வரம்பு விழுவது ஐந்து தடவைக்கு மேல் கணிசமாகப் போனால், நிரல் குறியைத் தின்றுகொண்டிருக்கிறது. பெரும்பாலும் பின்னணியை அதிகம் அவிழ்த்துவிட்டதுதான் காரணம்.

மேடு தெரிந்தால்

தெரியும். எப்போதாவது ஒரு கேலக்ஸியில், ஒரு நிறையில், டிஎஸ் துள்ளும். 2015இல் ரெட்டிகுலம் 2 கண்டுபிடிக்கப்பட்டவுடன் அங்கே 2 முதல் 10 ஜிஇவி வரை மிகை இருப்பதாக ஒரு குழு சொன்னது. பாஸ் 8 தரவில் ஃபெர்மி குழு பார்த்தபோது அது வலுவாக இல்லை. ஆகவே முதலில் முன், பின் நிகழ்வுகளைத் தனித்தனியாக ஓட்டுங்கள். இரண்டிலும் இருக்க வேண்டும். காலத்தை இரண்டாகப் பிரியுங்கள். கரும்பொருள் கூடிக் குறையாது, டிஎஸ் காலத்தோடு சீராக ஏற வேண்டும். ஒரே ஆண்டில் மொத்தமும் வந்திருந்தால் அது பின்னால் இருக்கும் பிளேசார். வானொலி மூலப் பட்டியலில் அரை டிகிரிக்குள் தட்டையான நிறமாலை உள்ளது எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். கூரிய கோடு போலத் தெரிந்தால் பூமி விளிம்பின் ஃபோட்டான்களை எடுத்து அதே ஆற்றலில் பாருங்கள். 2012இல் பரபரப்பான 130 ஜிஇவி கோடு அந்த விளிம்பிலும் தலைகாட்டியது. பூமியின் வளிமண்டலத்தில் கரும்பொருள் கோடு வர வழியில்லை. தரவு கூடக் கூட அந்தக் கோடு மங்கிவிட்டது.

முடிவை எழுதும்போது வரம்பு வரைகோட்டை மட்டும் கொடுக்காமல் 24 பெட்டி வளைவுகளையும் கோப்பாகக் கொடுங்கள். நாளைக்கு டிராகோவின் ஜே மாறினால் இன்னொருவர் தரவை மறுபடி இறக்காமலே திருத்திக்கொள்ளலாம். அமைப்புக் கோப்பு, ஃபெர்மிடூல்ஸ் பதிப்பு எண், 4எஃப்ஜிஎல் வெளியீட்டு எண், கருவித் துலக்கப் பெயர், இறக்கிய தேதி ஆகியவற்றையும் அதே உறையில் போடுங்கள்.